இடமும் காண்போரும்: நிறுவுகலையும் நம் அறத்தலங்களும்



ஒரு பொருளை உள்ளவாறு அறிய விரும்புவோர் அதனை நான்கு வாயில்களால் நோக்குதல் வேண்டும் என்பது நம் ஆசாரியர்கள் வகுத்த நெறி. திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்பன அந்நான்கு. நியாய நூலார் இதற்குக் குடத்தை எடுத்துக்காட்டாகக் கூறுவர். குடம் மண்ணால் ஆயது, நீரால் ஆயதன்று, இது திரவியம். பாடலிபுத்திரத்தில் உள்ளது, கன்னியாகுப்ஜத்தில் உள்ளதன்று, இது க்ஷேத்திரம். குளிர்காலத்துக்கு உரியது, இளவேனிலுக்கு உரியதன்று, இது காலம். கருநிறம் உடையது, செந்நிறம் உடையதன்று, இது பாவம். இந்நான்கில் ஒன்றை விட்டுவிட்டாலும் குடத்தைப் பற்றிய நம் அறிவு குறையுடையதே ஆகும்.

நுண்பொருளில் ஸ்வக்ஷேத்திரம் என்பது ஒரு பொருள் தன் பிரதேசங்களால் நிறைந்து நிற்கும் அளவையே குறிக்கும். ஆயினும் மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஊரும் இடமும் பேசப்பட்டமையால், சூழ்ந்துள்ள இடத்தையும் ஒரு நயத்தால் பொருளின் இயல்போடு சேர்த்து எண்ணுவதற்கு நூலாசிரியர்கள் இடம் தந்துள்ளனர் என்பது விளங்கும்.

இந்நெறியைக் கொண்டு இக்காலக் கலைவகை ஒன்றை ஆராய்ந்து, அதன்வழி நம் மலைகளையும் ஜினாலயங்களையும் மீண்டும் ஒருமுறை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. நம் பிள்ளைகளுள் சிலர் கலைக்கல்லூரிகளில் பயில்கின்றனர். வேறு சிலர் அயல்நாடுகளில் வாழ்கின்றனர். அவர்கள் அங்கே பயிலும் ஒரு கலைக்கருத்துக்கும் தாங்கள் பிறந்த மரபுக்கும் உள்ள உறவை அறிந்துகொள்வது நலம். அதனினும் முதன்மையான காரணம் ஒன்றும் உண்டு. அதனை இறுதியில் கூறுவோம்.

நிறுவுகலை என்பது யாது?

ஓவியத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம். வேண்டும்போது கழற்றி வேறோர் ஊருக்கு அனுப்பலாம். பீடத்தின்மேல் வைத்த சிலையும் அவ்வாறே. கடந்த நூற்றாண்டின் 1960-களில் மேலைநாட்டுக் கலைஞர் சிலர் இவ்வழக்கத்தை ஐயுற்றனர். கலைப்பொருள் எங்கே இருக்கிறது, அதன் மேற்கூரை எவ்வளவு உயரம், ஒளி எப்பக்கத்திலிருந்து வருகிறது, காண்பவர் எவ்வழியாக வந்து எங்கே நிற்கிறார் என்பனவெல்லாம் கலையின் பகுதிகளே என்று அவர்கள் கருதினர். அறை முழுவதையுமோ வெளி முழுவதையுமோ ஒரே படைப்பாக அமைத்து, காண்பவரை அதனுள்ளே நடக்கச் செய்தனர். இதுவே ‘இன்ஸ்டலேஷன்’ என்று வழங்கும் நிறுவுகலை. அவற்றுள்ளும் ஓர் இடத்துக்கென்றே எண்ணி, அவ்விடத்தின் அளவையும் இயல்பையும் கொண்டு செய்யப்படுவதை இடஞ்சார் நிறுவுகலை என்பர்.

நம் நாட்டிலும் இக்கலை வேரூன்றியுள்ளது. 2012 டிசம்பர் 12 அன்று கேரளத்தில் தொடங்கப்பெற்ற கொச்சி-முசிறிஸ் பியனாலே என்னும் கலைவிழாவில், பழைய வாணிபக் கிடங்குகளின் சுவர்களையும் கடற்கரையையும் தழுவி இத்தகைய படைப்புகள் பல அமைக்கப்பட்டன.

இக்கலைக்கு இரண்டு தூண்கள் உண்டு. ஒன்று இடம்; மற்றொன்று காண்பவர் அங்கே நேரில் இருத்தல். முன்னதை க்ஷேத்திரம் எனவும், பின்னதைப் பாவத்துக்கு வாயில் எனவும் நாம் கொள்ளலாம்.

இடத்தைப் பற்றிய வழக்கு

இடம் என்னும் தூணைப் பற்றிப் பெரும் வழக்கொன்று அமெரிக்காவில் நிகழ்ந்தது. ரிச்சர்டு செர்ரா என்னும் சிற்பி, அந்நாட்டு அரசுத் துறை ஒன்றின் வேண்டுகோளின்படி, நியூயார்க் நகரில் கூட்டாட்சி அரசு அலுவலகங்களின் முன்னுள்ள திறந்தவெளியில் 1981-ஆம் ஆண்டு ‘சாய்ந்த வில்’ என்னும் பொருள்படும் பெயரால் ஒரு படைப்பை நிறுவினார். 120 அடி நீளமும் 12 அடி உயரமும் கொண்ட எஃகுச் சுவர் அது. வண்ணம் பூசப்படாமல் துருவேறி நின்ற அச்சுவர், சற்றே வளைந்தும் சாய்ந்தும் வெளியைக் குறுக்காக வெட்டிச் சென்றது. அவ்வழியே நடப்பவர் அதனைச் சுற்றியே செல்லவேண்டும். நடக்க நடக்கச் சுவர் வளர்வது போலவும் சுருங்குவது போலவும் தோன்றும். தம் உடலும் நடையும் அவ்வெளியும் எத்தகையன என்பதை அவர் உணரவேண்டும் என்பதே சிற்பியின் நோக்கம்.

ஆனால், நாள்தோறும் அவ்வழியே அலுவலகம் செல்வோர் பலர் அதனை வெறுத்தனர். உணவு வேளையில் உட்கார்ந்து இளைப்பாறிய வெளி பிளவுபட்டது என்றனர். 1985-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பொது விசாரணை நடைபெற்றது. 180 பேர் சான்று கூறினர். அவர்களுள் 122 பேர் சிற்பம் இருக்கவேண்டும் என்றும் 58 பேர் அகற்றப்படவேண்டும் என்றும் கூறினர். எனினும் அகற்றுவதென்றே முடிவாயிற்று. வேறிடத்துக்கு மாற்றலாமே என்று கூறியபோது செர்ரா அதற்கு இசையவில்லை. இவ்விடத்துக்கென்றே செய்ததை இங்கிருந்து பெயர்த்தல் அதனை அழித்தலே ஆகும் என்பது அவருடைய வாதம். நீதிமன்றமும் அவருக்குத் துணைநிற்கவில்லை. 1989 மார்ச்சு 15 இரவில் அச்சுவர் மூன்று துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு அகற்றப்பட்டது. 2024-ஆம் ஆண்டு செர்ரா காலமானார். அச்சிற்பம் மீண்டும் எங்கும் எழுப்பப்படவில்லை.

இவ்வழக்கில் இருதரப்பாரும் ஒவ்வொரு நயத்தைப் பற்றி நின்றனர் என்பதைக் கூர்ந்து நோக்கினால் அறியலாம். இடமும் சிற்பமும் பிரிக்க இயலாதவை என்ற சிற்பியின் கூற்று மெய்யே. ஆயின் இடம் என்பது தரையும் சுவரும் மட்டுமன்று. நாள்தோறும் அங்கே புழங்கும் மாந்தரும் அதனுள் அடங்குவர். அவர்களைச் சேர்க்காமல் இடத்தை எண்ணியதே அச்சிற்பத்துக்கு நேர்ந்த இடர். ஒரு நயத்தையே முழு உண்மை எனக் கொள்வதால் வரும் கேட்டுக்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

காலமும் பாவமும்

இனிக் காலத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துப் பாலைவெளியில் வால்ட்டர் டி மரியா என்பவர் 1977-இல் ‘மின்னல் வயல்’ என்னும் படைப்பை அமைத்தார். ஒருபுறம் ஒரு மைலும் மறுபுறம் ஒரு கிலோமீட்டரும் பரந்த நிலத்தில் 400 எஃகுக் கம்பங்கள் ஒழுங்காக நடப்பட்டுள்ளன. தரை மேடுபள்ளமாக இருந்தபோதும் கம்பங்களின் முனைகள் யாவும் ஒரே மட்டத்தில் அமையுமாறு ஒவ்வொன்றின் உயரமும் கணக்கிடப்பட்டது. அதனைக் காணச் செல்வோர் அங்குள்ள சிறு மரவீட்டில் ஓரிரவு தங்கவேண்டும். ஒரு முறைக்கு ஆறு பேருக்கு மேல் இடமில்லை. பெயர் மின்னல் எனினும் மின்னல் விழுவது அரிது. நண்பகலில் கம்பங்கள் கண்ணுக்குப் புலப்படாமல் மறைகின்றன. விடியலிலும் அந்தியிலும் அவை ஒளிபெற்று எழுகின்றன. காத்திருப்பவரே அதனைக் காண்கிறார். விரைந்து வந்து விரைந்து மீள்பவருக்கு அது கம்பங்கள் நட்ட வெறும் காடு.

பாவத்துக்கு மற்றொன்று. ஓலாஃபுர் எலியாசன் என்னும் கலைஞர் 2003 அக்டோபர் முதல் 2004 மார்ச்சு வரை இலண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பெருமண்டபத்தில் ஒரு செயற்கைச் சூரியனை அமைத்தார். அது அரைவட்ட வடிவமே. மேற்கூரையில் பதித்த கண்ணாடிகளில் அதன் நிழல் விழுந்து முழுவட்டமாகத் தோன்றிற்று. மண்டபம் முழுதும் மஞ்சள் ஒளியும் மெல்லிய மூடுபனியும் பரவின. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். வந்தோர் தரையில் மல்லாந்து படுத்துக் கூரைக் கண்ணாடியில் சிறு புள்ளிகளாகத் தெரியும் தம் உருவத்தையே தேடினர். கம்பிகளும் விளக்குகளும் மறைக்கப்படவில்லை. பின்னால் சென்றால் யாவும் தெரியும். எனினும் கண்டோர் மனம் உருகிற்று. அங்கே கலைப்பொருளாக இருந்தது விளக்கோ, கண்ணாடியோ, காண்பவர் உள்ளத்தில் எழுந்த உணர்வோ என்று கேட்டால் மூன்றும் கூடியதே என்றுதான் விடைகூற வேண்டும்.

சமவசரணம் என்னும் பேரமைப்பு

இவற்றைப் படிக்கும் நம் வாசகர்களுக்குச் சமவசரணம் நினைவுக்கு வந்திருக்கும். இடமும் காண்போரும் கேட்போரும் ஒருங்கே எண்ணி வகுக்கப்பட்ட அமைப்பு அதனைப்போல் மற்றொன்று இல்லை.

இந்திரன் ஆணையால் குபேரன் சமைக்கும் அவ்வறவை வட்ட வடிவினது. ஆதிபகவன் விருஷபநாதருக்குப் பன்னிரண்டு யோசனை அளவாக இருந்தது, படிப்படியாகக் குறைந்து வர்த்தமானருக்கு ஒரு யோசனை அளவாயிற்று என்று நூல்கள் கூறும். நான்கு திசைகளிலும் வீதிகள். ஒவ்வொரு வீதியின் தொடக்கத்திலும் மானஸ்தம்பம். அகழியும் பூங்கொடிகளும் சோலைகளும் கொடிகளும் கற்பக மரங்களும் நிறைந்த நிலங்களை ஒவ்வொன்றாகக் கடந்த பின்னரே ஸ்ரீமண்டபத்தை அடைதல் கூடும். அங்கே பன்னிரு கோட்டங்கள்: முனிவர், ஆர்யாங்கனையர், சிராவகியர், நால்வகைத் தேவர், அவர்தம் தேவியர், மாந்தர், இறுதியில் விலங்குகளும் பறவைகளும். நடுவே கந்தகுடியில் தாமரையின் மீது நான்கு அங்குலம் தீண்டாமல் வீற்றிருக்கும் பெருமான், நாற்றிசையில் இருப்போர்க்கும் தம்மை நோக்கியே இருப்பவராகத் தோன்றுகிறார். அவர்தம் திவ்யத்வனியை அவரவர் தத்தம் மொழியிலேயே உணர்கின்றனர்.

இவ்வமைப்பில் வருகின்றவரின் உள்ளத்துக்கு வழி வகுக்கப்பட்டிருத்தலை நோக்குக. முதலில் எதிர்ப்படுவது மானஸ்தம்பம். அதனைக் கண்டமாத்திரத்தில் செருக்கு அழிகிறது. செருக்கொழிந்தவரே மேற்கொண்டு நடக்கத் தகுதி பெறுகிறார். அகழியும் சோலையும் கண்டு உள்ளம் குளிர்கிறது. பகையுடைய விலங்குகளும் தம் பகையை மறந்து அருகருகே அமர்கின்றன. இருக்கையின் அமைப்பே சமபாவத்தைக் கற்பிக்கிறது.

இதனினும் வியத்தகு செய்தி ஒன்று நம் மரபில் உண்டு. வர்த்தமான பகவான் கேவலஞானம் அடைந்த பின்னர் அறுபத்தாறு நாள் திவ்யத்வனி எழவில்லை. சமவசரணம் இருந்தது, தேவரும் மாந்தரும் இருந்தனர், பெருமானும் வீற்றிருந்தார். எனினும் அவ்வறத்தை ஏற்று நிறுத்தத்தக்க கணதரர் அங்கே இல்லை. இந்திரன் சூழ்ச்சியால் வாதம் புரியும் எண்ணத்துடன் வந்த இந்திரபூதி கௌதமர், மானஸ்தம்பத்தைக் கண்டு செருக்கழிந்து, துறவு பூண்டு கணதரரானார். அதன் பின்னரே இராஜகிருகத்து விபுலாசலத்தில், சிராவண மாதக் கிருஷ்ணபட்சப் பிரதமையன்று, அறவுரை எழுந்தது. அந்நாளையே வீரசாசன ஜயந்தியாகப் போற்றுகிறோம்.

காண்பவரும் கேட்பவரும் இல்லையேல் கலை நிறைவுபெறாது என்று இக்காலத்தார் கூறுவதை, நம் முன்னோர் இதனினும் ஆழமாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு அவ்வறுபத்தாறு நாள் மௌனமே சான்று.

சித்தன்னவாசலில் நடத்தல்

சமவசரணத்தைக் கண்ணால் கண்டோர் நம்மில் யாரும் இல்லை. ஆயினும் அதன் சாயலைக் கல்லிலும் வண்ணத்திலும் நமக்கு வைத்துச் சென்றோர் உளர். புதுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள சித்தன்னவாசல் அறிவர் கோயிலை எடுத்துக்கொள்வோம். பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் இதனைப் புதுக்கினார் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது.

முன்மண்டபத்தின் மேற்கூரையில் தாமரைத் தடாகம் தீட்டப்பட்டுள்ளது. மீன்களும் அன்னங்களும் யானைகளும் எருமைகளும் அதில் உலவ, மூவர் மலர் கொய்கின்றனர். இது சமவசரணத்தின் அகழி நிலம் என்றும், மலர் கொய்வோர் பவ்வியர் என்றும் கலை ஆய்வாளர் பலர் கருதுவர். அக்கருத்தைக் கொண்டு நோக்கினால் ஓவியம் இருக்கும் இடத்தின் நுட்பம் புலனாகும். தடாகம் கருவறையில் இல்லை. அதற்கு முன்னுள்ள மண்டபத்தில், நம் தலைக்கு மேலே இருக்கிறது. அண்ணாந்து நோக்கியபடி அதன் கீழே நடந்தே கருவறையை அடைகிறோம். அறவைக்குச் செல்வோர் அகழி நிலத்தைக் கடப்பதுபோல நாமும் அதனைக் கடக்கிறோம். மேலே மலர் கொய்வோரும் கீழே வழிபட வந்த நாமும் ஒரே செயலைச் செய்கின்றோம்.

உள்ளே கருவறை பத்தடிக்கும் குறைந்த சதுரம். உயரமோ அதனினும் குறைவு. பின்சுவரில் மூன்று பிரதிமைகள் அமர்ந்த கோலத்தில் உள்ளன. நடுவே நின்று மெல்லிய குரலில் ஓங்காரம் ஒலித்தால் அறை முழுதும் அவ்வொலி நிறைந்து அதிர்கிறது. அங்கே பலர் கூடிப் பேசினால் வெறும் இரைச்சலே எஞ்சும். ஒருவர் அமைதியாக நின்றால் அவ்வறை அவருக்கு விடை தருகிறது.

அதே மலையின் உச்சியிலுள்ள ஏழடிப்பாட்டத்தில் வழவழப்பாக்கப்பட்ட பதினேழு கற்படுக்கைகள் உள்ளன. பொருட்காட்சிசாலையில் வைத்தால் அவை வெறும் கற்பலகைகள். செங்குத்தான மலைச்சரிவில் கால் பதித்து ஏறி, காற்றும் வெயிலும் தாக்கும் அந்தக் குறுகிய இடத்தில் நின்று காணும்போதுதான், இங்கே படுத்தவர் எதனைத் துறந்து வந்தார் என்பது நம் உடலுக்கே புரிகிறது.

கழுகுமலையும் கோமடேசரும்

தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையில், 8, 9-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 150 திருவுருவங்கள் பாறை முகத்தில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பார்சுவநாதரும் பாகுபலியும் அம்பிகை இயக்கியும் அங்கே உளர். உருவங்களின் அடியில், அவற்றைச் செய்வித்தவர் பெயரும் ஊரும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆசிரியரும் மாணாக்கரும் குரத்தியரும் அப்பெயர்களில் அடங்குவர். பெண்பாலாராகிய குரத்தியர் ஆசிரியராய் விளங்கி மாணாக்கரைப் பெற்றிருந்தனர் என்பது அக்கல்வெட்டுகளால் நாம் அறியும் பெருமை. அம்மலை ஒரு சிற்பியின் தனிப்படைப்பன்று. காணவந்தோர் தலைமுறை தலைமுறையாகத் தம் பங்கைச் சேர்த்துச் சென்ற பேரமைப்பு. அடுத்துவந்தவர் முன்னவரின் உருவத்தை அழிக்காமல் பக்கத்தில் இடம்கண்டு தம்முடையதைச் செதுக்குவித்தார். நியூயார்க் எஃகுச் சுவருக்கு வாய்க்காதது இங்கே வாய்த்தது: இடமும் மக்களும் சிற்பமும் ஒன்றாயின. ஆழமில்லாத புடைப்புருவங்கள் சாய்ந்த வெயிலில் துலங்கும். உச்சி வெயிலில் பாறையோடு பாறையாகி மங்கும். ஆகவே காலையிலோ மாலையிலோ சென்று காண்க.

கன்னட நாட்டுச் சிரவணபெளகொளாவில் சாமுண்டராயர் கி.பி. 981-இல் நிறுவிய கோமடேசர் திருவுருவம் ஏறத்தாழ 57 அடி உயரமுடைய ஒரே கல். மலையின் உச்சிப்பாறையே திருவுருவமாயிற்று. வேறிடத்தில் செய்து கொணர்ந்து வைத்ததன்று. தொலைவில் வரும்போதே தோளும் முகமும் மலைமேல் தெரிகின்றன. அறுநூறுக்கும் மேற்பட்ட படிகளை வெறுங்காலோடு ஏறும்போது திருவுருவம் நம் பார்வையிலிருந்து மறைகிறது. களைத்து, மூச்சு வாங்கி, உள்ளே நுழைந்ததும் திருவடிகளின் அருகே நாம் மிகச் சிறியவராய் நிற்கிறோம். அவ்வேற்றமும் அம்மறைவும் அந்நிற்றலும் சேர்ந்ததே அத்தரிசனம்.

நிமித்தமும் உபாதானமும்

இதுகாறும் கூறியவற்றால், இக்கால நிறுவுகலையும் நம் மரபும் ஒன்றே என முடிவு செய்துவிடலாகாது. ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும்.

காண்பவரே படைப்பை முடிக்கிறார். அவர் இல்லையேல் படைப்பே இல்லை என்று கூறுவோர் உளர். இது ஏகாந்தம். இரவில் திருக்கதவு அடைத்தபின் ஜினபிம்பம் இல்லாமற்போவதில்லை. பொருள் தன் இயல்பால் உளதாகவே இருக்கும். நம் பார்வை அதனை உண்டாக்குவதன்று. அவ்வாறே, நல்லிடமும் நற்சிற்பமும் இருந்தால் எவர்க்கும் நற்காட்சி தானே உண்டாகிவிடும் என்பதும் ஏகாந்தமே. அங்ஙனமாயின் சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா வரும் அனைவரும் பவ்வியராய்த் திரும்புதல் வேண்டும்.

தலமும் திருவுருவமும் நிமித்தம். காண்பவரின் ஆன்மாவில் உள்ள தகுதியே உபாதானம். விதை முளைக்க மண்ணும் நீரும் நிமித்தமாகும். முளைக்கும் ஆற்றல் விதையினுடையது. வறுத்த விதையை நன்னிலத்தில் இட்டாலும் முளையாது. நல்ல விதையைப் பாறையில் இட்டாலும் பயனில்லை. ஆகவே இரண்டையும் காத்தல் சிராவகர் கடன். ஜினாலயத்துள் நுழையும்போது ‘நிஸ்ஸஹி’ என மும்முறை கூறுவதும், சாமாயிகத்துக்கு இடத்தூய்மையும் காலத்தூய்மையும் நோக்குவதும் இதன்பொருட்டே. உலகக் கவலைகளை வாயிலிலேயே விட்டு, உள்ளத்தை ஆயத்தம் செய்தபின் இடத்தினுள் புகுகிறோம்.

நோக்கத்திலும் வேறுபாடு உண்டு. எலியாசனின் மண்டபத்தில் படுத்திருந்தோர் கண்ணாடியில் தம் உருவத்தைத் தேடினர். மானஸ்தம்பத்தின் முன் நிற்பவர் ‘நான்’ என்னும் செருக்கை இழந்து, தன் ஆன்மாவின் இயல்பைத் தேடுகிறார்.

நமக்கு முன்னுள்ள கடமை

இப்போது, தொடக்கத்தில் கூறிய முதன்மைக் காரணத்துக்கு வருவோம். இடம் போனால் திருவுருவத்தின் பொருளும் பாதி போய்விடும் என்பது மெய்யாயின், நம் தலங்களில் நடைபெறுவன பற்றி நாம் வாளா இருத்தல் தகாது.

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை எண்ணுக. கற்படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் புடைப்புருவமும் கொண்ட அம்மலைப்பகுதி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. எனினும் 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலமுடிவு வெளியாயிற்று. ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்த ஏலத்தை இரத்து செய்தது. அம்மலையைக் காத்தவர்களுள் மிகப்பலர் நம் சமயத்தவர் அல்லர்; அந்நிலத்தில் உழுது வாழ்வோர். இடத்தைச் சார்ந்த மக்களே இடத்தின் காவலர் என்பதை அவர்கள் நமக்கு உணர்த்தினர். அவர்களுக்கு நாம் நன்றியுடையோம். கல் வெட்டுவோரின் கண்பட்ட குன்றுகள் இன்னும் பல உள்ளன.

வயல்வெளியிலும் குளக்கரையிலும் தனித்து இருக்கும் திருவுருவங்களை என்செய்வது என்னும் வினாவும் அடிக்கடி எழுகிறது. ஊர்க்கோயிலுக்குக் கொணர்வோம் என்பார் ஒருசாரார். இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்பார் மற்றொரு சாரார். திருட்டுக்கும் சிதைவுக்கும் அஞ்சி எடுத்துக் காத்தலும் அறமே; அரசு அருங்காட்சியகங்கள் அவ்வாறு காத்தவை பல. ஆயினும் அது இறுதி வழியாக இருத்தல் வேண்டும். தொல்லியல் துறைக்குத் தெரிவிக்காமல் எதனையும் பெயர்த்தலாகாது. முதலில் ஒரு கொட்டகையும் வேலியும் அமைத்துக் காக்க இயலுமா என்று பார்க்கவேண்டும். பெயர்த்தே தீரவேண்டும் எனின், அது எத்திசை நோக்கி இருந்தது, சுற்றிலும் என்ன இருந்தது, ஊரார் அதனை என்ன பெயரால் வழங்கினர் என்பனவற்றை எழுதியும் படமெடுத்தும் வைத்தல் வேண்டும். இடத்தை இழந்த பிரதிமைக்கு அதன் வரலாறேனும் துணையாக நிற்கட்டும்.

நம் கையாலேயே நேரும் கேடுகளும் உள. திருப்பணி என்னும் பெயரால் பழங்கற்சுவரில் வண்ணப்பூச்சுப் பூசுதல், கருங்கல் தளத்தின்மேல் வழுவழுப்பான ஓடு பதித்தல், இருண்ட கருவறையில் கண்கூசும் விளக்கு வைத்தல், மானஸ்தம்பத்தின் முன்னுள்ள வெளியைத் தகரக் கொட்டகையால் அடைத்தல், சிறு கற்கோயிலுக்குள் ஒலிபெருக்கி வைத்தல் ஆகியவை நல்லெண்ணத்துடன் செய்யப்படுகின்றன. ஆயினும் மங்கிய ஒளியும் அமைதியும் வெற்றிடமும் அக்கோயிலைச் சமைத்தவர் எண்ணி வைத்த உறுப்புகள். அவற்றை நீக்கினால் சிற்பத்தின் கையையோ காலையோ உடைத்ததற்கு ஒப்பாகும். திருப்பருத்திக்குன்றத்தில் இருகப்பர் கி.பி. 1387-88-இல் எழுப்பிய சங்கீத மண்டபத்தின் மேற்கூரை ஓவியங்களை அண்ணாந்து, நடந்து, வரிசையாகக் காணும்போதே விருஷபநாதர், வர்த்தமானர் வரலாறுகள் நம்முன் விரிகின்றன. அவ்வாறு நடப்பதற்குரிய இடம் திறந்திருத்தல் வேண்டும்.

குடும்பத்தோடு படிப்போர்க்குச் சில வினாக்கள்

1. உங்கள் ஊர் ஜினாலயத்தில் வாயில் முதல் கருவறை வரை ஒருமுறை மெல்ல நடந்து பாருங்கள். ஒளியும் ஒலியும் தரையும் எங்கெங்கே மாறுகின்றன? அம்மாற்றம் உங்கள் உள்ளத்தில் என்ன செய்கிறது?

2. அதே கோயிலை விடியலிலும் அந்தியிலும் கண்டு, வேறுபாட்டைப் பிள்ளைகளை எழுதச் செய்யுங்கள். திரவியம் ஒன்றாயிருக்கக் காலத்தால் காட்சி வேறுபடுவது அவர்களுக்குத் தானே விளங்கும்.

3. செர்ராவின் எஃகுச் சுவரை அகற்றியது முறையா, அன்றா? இருதரப்பு நயங்களையும் கூறி, கதஞ்சித் என்னும் சொல்லைச் சேர்த்து விடை காணுங்கள்.

4. உங்கள் ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் கற்படுக்கையோ புடைப்புருவமோ உண்டா? அதன் இன்றைய நிலை என்ன? கண்டவற்றை நாளிட்டு எழுதி, இவ்விதழுக்கு அனுப்புங்கள்.

நான்காவது வினாவுக்கு வரும் விடைகளை ஊர்வாரியாகத் தொகுத்து வெளியிட எண்ணியுள்ளோம். எந்த மலை எவ்வாறு உள்ளது என்னும் பட்டியல் நம் கையில் இருந்தால்தான், அதற்கு இடர் நேரும் நாளில் உரியவரிடம் சென்று பேச நமக்கு ஆதாரம் இருக்கும். அடுத்த பௌர்ணமிக்குள் ஒவ்வொரு குடும்பமும் ஒரு குன்றையேனும் சென்று காண்க.

அறம் வளர்க! அறத்தலங்கள் நிலைபெறுக!